உரோமாபுரியில் நாற்பத்தொரு இடங்கள்

உரோமாபுரியைப் பிடிக்க எத்தனையோ படைகள் மாதக்கணக்கில் முற்றுகையிட்டுக் கிடந்ததாகச் சரித்திரம் சொல்கிறது. பாவம், அவர்களுக்குத் திட்டமிடத் தெரியவில்லை. மொன்றியல், சென்ட் லோரன்ட்டில் வசிக்கும் திருவாளர் அல்பேட் அவர்களுக்கு இரண்டரை நாள் போதுமாக இருந்தது. படை என்று சொல்ல அவரிடம் இருந்தது ஒரு மனைவி, ஒரு கைத்தொலைபேசி, ஒரு அட்டவணை. அவ்வளவுதான்.

அட்டவணை என்றால் லேசுப்பட்ட அட்டவணை அல்ல. துறைமுகத்துக்கு வந்துபோகும் கொள்கலன் லொறிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பதில் அல்பேட்டுக்குப் பத்தொன்பது வருட அனுபவம். குறித்த நேரத்துக்கு வராத லொறியைத் திருப்பி அனுப்பிவிட்டு நிம்மதியாகக் கோப்பி குடிக்கும் மன உறுதி படைத்தவர். அந்த ஞானத்தைக் குடும்பத்துக்கும் வழங்கவேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தார். கலியாணத்தின் முப்பதாவது வருட நிறைவு அதற்கு வழி சமைத்தது.

'பயண நிறைவேற்றுக் குழு' குசினி மேசையில் கூடியது. தலைவர் அல்பேட். செயலாளரும் அவரே. உறுப்பினர் றோசா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"போன வருசம் எங்கடை பங்கு வின்சன்ட் உரோமாபுரியிலை மூண்டு நாளிலை முப்பத்தெட்டு இடம் பாத்தவன்," என்று தலைவர் நிலைமையின் பாரதூரத்தை விளக்கினார். "நாங்கள் ரெண்டரை நாளிலை நாப்பத்தொண்டு."

"எனக்கு ஒரு இடம் பாத்தாலே காணுமப்பா," என்றார் றோசா.

அந்த ஒரு இடம் எதுவென்று அல்பேட்டுக்குத் தெரியும். மகள் றெபேக்கா நாலு வயதில் நிமோனியா வந்து, ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்துக் கிடந்தபோது றோசா அழுதழுது ஒரு நேத்தி வைத்திருந்தார். பிள்ளை பிழைத்தால், உரோமாபுரியில் இருக்கும் பரிசுத்த படிகள் இருபத்தெட்டையும் முழங்காலில் ஏறுவேன் என்று. பிள்ளை பிழைத்தது. இப்போது இருபத்திரண்டு வயதில் தாய்க்கே புத்தி சொல்கிறது. நேத்திதான் அப்படியே நிற்கிறது. றோசாவின் வலது முழங்கால் தேய்ந்து, செப்டெம்பரில் சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகு முழந்தாளிடவே கூடாதென்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இந்த முறை விட்டால் பேந்து ஏலாது."

"அதுக்கென்ன, போட்டாச்சு," என்று அல்பேட் எழுதினார்: இலக்கம் 27. பரிசுத்த படிகள். 10.40 முதல் 10.52 வரை. "படிக்கு இருவத்தஞ்சு செக்கன். கடைசியிலை இருவது செக்கன் மிஞ்சும். அதிலை நீர் ஆறுதலா அழலாம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வெங்காயமும் முடிந்தது.

உரோமாபுரி முதல் நாளே பதினேழு இடங்களை அல்பேட்டிடம் பறிகொடுத்தது. கொலோசியத்துக்கு ஒன்பது நிமிடம், வெளியிலிருந்து. "உள்ளுக்குப் போய் என்ன? வெளியிலையே இடிஞ்சு கிடக்கு, உள்ளுக்கும் இடிஞ்சுதான் கிடக்கும்," என்றார். நியாயம்தானே. ஒவ்வொரு அற்புதத்துக்கும் முதுகைக் காட்டி நின்று, சிரித்து, படம் எடுத்து, பங்கு மக்களின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். உரோமாபுரியில் அவர் உண்மையிலேயே உற்றுப் பார்த்த காட்சி ஒன்றே ஒன்றுதான்.

"வின்சன்ட் பாத்திட்டான், றோசா! ரெண்டு நீலச் சரி விழுந்திட்டுது!"

"இது என்ன கோயிலப்பா?"

"பதினாலு. கெதியா நடவும்."

மறுநாள் 10.40க்கு, ஒரு நிமிடமும் பிந்தாமல், இருவரும் பரிசுத்த படிகளின் அடியில் நின்றார்கள். றோசா துவாய்த் துண்டொன்றை முழங்காலில் கட்டிக்கொண்டே வந்திருந்தார். முன்னால் ஒரு கூட்டம் கன்னியாஸ்திரிகள் படிக்கு ஒரு பரலோக மந்திரம், மூன்று அருள் நிறைந்த மந்திரம் என்று அசைந்து அசைந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். அல்பேட் நேரம் பிடித்துப் பார்த்தார். அதிர்ந்துபோனார்.

"படிக்கு ரெண்டு நிமிஷம்! ஆர் இவையளுக்கு அட்டவணை போட்டுக் குடுத்தது? ஒரு மணித்தியாலம் பிடிக்கும். ஏழு இடம் போயிடும், றோசா."

"போகட்டும்."

"அப்ப முப்பத்திநாலு. வின்சன்ட் சிரிப்பான்."

"வின்சன்டோ என்ரை பிள்ளைக்கு மூச்சுக் குடுத்தது?"

அல்பேட் கைத்தொலைபேசியில் மணி பார்த்தார். பிறகு கடமை அவரைத் தூக்கி நிறுத்தியது. சொந்த லொறி என்பதற்காகச் சட்டத்தை வளைக்கிறவரா அவர்?

"நேரத்துக்கு ஏற ஏலாட்டி ரத்து. விதி எண்டால் விதி. அந்தக் கைப்பிடியிலை கையை வைச்சு நில்லும், ஒரு படம் எடுப்பம்."

றோசா நின்றார். படம் எடுபட்டது. இருபது செக்கனில் முடியவேண்டிய கண்ணீர், ஒதுக்கீட்டை மீறி இலக்கம் 33 வரை ஓடியது. வெயில் அதிகம் என்று அல்பேட் குறித்துக்கொண்டார்.

ஊர் திரும்பிய மூன்றாம் ஞாயிறு, பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் 'இரண்டரை நாளில் நாற்பத்தொன்று: ஒரு முன்மாதிரி' என்னும் பொருளில் அல்பேட் உரையாற்றினார். திரையில் நாற்பத்தொரு அல்பேட்டுகள் வரிசையாகச் சிரித்தார்கள். சனம் றோல்ஸ் கடித்தபடி கைதட்டியது. கேள்வி நேரத்தில் வின்சன்ட் எழும்பினார்.

"அண்ணை, அந்தப் பரிசுத்த படி ஏறினனீங்களோ?"

"இலக்கம் இருவத்தேழு. தரிசிக்கப்பட்டது," என்றார் அல்பேட் கம்பீரமாக.

றோசா பொல்லை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்து ஒலிவாங்கியை வாங்கினார்.

"ஏறேல்லை. என்னை ஏறவிடேல்லை." முன்வரிசைக்காரர் றோல்ஸைத் தட்டில் திருப்பி வைத்தார்கள். "பதினெட்டு வருசமாச் சுமந்த நேத்தி. எனக்கு நெஞ்சு பத்தி எரியுது. எனக்கு இனி முழங்கால் ஊண்ட ஏலாது. பங்குச் சாமியாரிட்டைக் கேட்டனான். ஏலாத ஆளுக்காகக் குடும்பத்திலை வேறை ஆள் செய்யலாமாம். அங்கைதான் செய்யவேணும் எண்டும் இல்லையாம். எங்கடை மொன்றியல் மலையிலை இருக்கிற சூசையப்பர் கோயிலிலையும் முழங்காலிலை ஏறுற படி கிடக்குத்தானே. இவர் ஏறட்டும்."

செபக்குழுத் தலைவி பிலோமினம்மா உடனே வழிமொழிந்தார். வின்சன்ட் இரண்டு கைகளையும் உயர்த்தினார். தலைவரின் கருத்துக் கேட்கப்படாமலே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சனிக்கிழமை காலை சூசையப்பர் கோயில் வாசலில் அல்பேட் முழந்தாளிட்டார். நடுவில் முழங்காலில் ஏறுகிறவர்களுக்கென்றே போட்ட மரப்படிகள், மொத்தம் தொண்ணூற்றொன்பது. பக்கத்துக் கல்படியில் றோசா, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

"எனக்கு இருவத்தெட்டுத்தானே? படிக்கு இருவத்தஞ்சு செக்கன்," என்றார் அல்பேட்.

"படிக்கு ஒரு பரலோக மந்திரம், மூண்டு அருள் நிறைந்த மந்திரம். நான் கேட்டுக்கொண்டு வாறன். விழுங்காமல் சொல்லுங்கோ."

மரம் என்றால் மரம், தேக்கோ பலாவோ, முழங்காலுக்கு எல்லாம் ஒன்றுதான். பத்தாம் படியில் அல்பேட் வின்சன்டை மறந்தார். பதினைந்தாம் படியில் சொந்தப் பெயரும் மறக்கப் பார்த்தது. ஒரு மணித்தியாலத்தில், வியர்வை சொட்டச் சொட்ட, இருபத்தெட்டாவது படியைத் தொட்டார்.

"முடிஞ்சுது, றோசா! எழும்பட்டோ?"

றோசா கைப்பிடியில் சாய்ந்து, கீழே விரிந்து கிடந்த நகரத்தை ஆறுதலாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவசரமே இல்லை.

"இருங்கோ. இருவத்தெட்டும் பிள்ளைக்கு. அடுத்த நாப்பத்தொண்டு, நீங்கள் காட்டியும் நான் காணாத இடங்களுக்கு."

எந்த நிலையிலும் கணக்குப் பிழைக்காத மனிதர் அல்பேட். இருபத்தெட்டும் நாற்பத்தொன்றும் அறுபத்தொன்பது. மேலே பார்த்தார்.

"அப்ப... மிச்சம் முப்பதும்?"

"எங்களுக்குக் கலியாணம் முடிஞ்சு எத்தினை வருசமப்பா?"