பத்து நிமிஷப் பாலம்

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். பொண்டாட்டிக்கு எதிராக நான் போட்ட திட்டங்கள் பதினேழு. பதினேழும் குப்புறப் படுத்துவிட்டன. பதினெட்டாவது படுக்காது என்று சத்தியம் பண்ணினேன். ஏனென்றால் இந்தத் தடவை திட்டம் போட்டது மட்டும்தான் நான், நிறைவேற்றப்போவது கம்ப்யூட்டர்.

நான் சசிக்குமார். பலாபத்வலயில் எலக்ட்ரிக் வேலை. அதற்குமேல், லைசன்ஸ் வாங்கி ரேடியோவில் பேசுகிற ஹாம் ரேடியோக்காரன். எங்கள் மாத்தளைக் குழு ஞாயிறு காலை எட்டு மணிக்கு ரேடியோவிலேயே வரவு எடுக்கும். மூன்று வருஷம் கெஞ்சி, இந்த ஞாயிறு வரவெடுக்கிற தலைமை எனக்குக் கிடைத்திருந்தது.

அதே ஞாயிறுதான் யட்டவத்தயில் மச்சினன் துஷாந்தின் புது வீட்டுப் பால்காய்ச்சு. அந்தக் குடும்பத்தில் ஒரு பாழாய்ப்போன வழக்கம். விசேஷத்துக்குத் தேங்காய் உரிப்பது மூத்த மாப்பிள்ளை. மூத்த மாப்பிள்ளை நான். தேங்காய் இருநூறு.

வெள்ளிக்கிழமையே எனக்கு இடுப்பு வலி வந்துவிட்டது.

"ஆத்தாடி! நிமிரவே முடியலையே அனுஷியா!"

"தைலம் தேய்க்கட்டுங்களா?"

"தைலத்துக்கு அடங்குற வலி இல்ல இது. ஞாயித்துக்கெழம நீ மட்டும் போயிட்டு வா."

"பாவங்க நீங்க," என்றாள். நம்பிவிட்டாள் மகராசி.

ஒரே சிக்கல், கொழுந்தியா தர்ஷிகா. ஹட்டன்காரி. அவளும் லைசன்ஸ் வைத்திருக்கிறாள். பால்காய்ச்சுக்கு வந்தாலும், இன்டர்நெட் வழியாக ஹட்டன் குழுவைப் பிடிக்கிற ரேடியோ கையிலேயே இருக்கும். அவளுடைய ஹட்டன் குழுவையும் எங்கள் மாத்தளைக் குழுவையும் இணைக்கிற பாலம், என் வீட்டு அலுமாரிமேல் சோப்புப்பெட்டி அளவு கம்ப்யூட்டரில் ஓடுகிறது. அக்காவும் தங்கையும் பேசட்டும் என்று நான்தான் போட்டுக்கொடுத்தேன். என் வாயில் மண். (அனுஷியாவும் என்னோடு ரேடியோப் பரீட்சை எழுதியவள்தான். என்னைவிடப் பதினோரு மார்க் கூட.) பாலம் திறந்திருந்தால் என் கம்பீரக் குரல் தர்ஷிகாவுக்குக் கேட்கும். ஒரேயடியாக அறுத்தால் அனுஷியா ஏனென்று கேட்பாள்.

ஆகவே விதியை மாற்றினேன். பாலம் எப்போதும் மூடியிருக்கும். தங்கச்சியைக் கூப்பிட ரேடியோவை ஒன்பதாம் நம்பரில் வைத்துப் பட்டனை அமுக்கினால் திறக்கும். டைமர் பத்து நிமிஷம். அப்புறம் தானாக மூடிக்கொள்ளும். விளக்கப் புத்தகம் நாற்பது பக்கம். நான் ஆறு பக்கம் வாசித்தேன். மேதைக்கு ஆறு போதும்.

"எதுக்குங்க இந்த மாத்தம்?"

"டேட்டா மிச்சம்."

"சரிதாங்க," என்று அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை ஏழு நாற்பத்தெட்டு. வாசலில் த்ரீவீல் ஆட்டோ. அனுஷியா என் கண்முன்னாலேயே பட்டனை அமுக்கினாள்.

"தர்ஷி, கெளம்பிட்டேன். அத்தான் படுத்த படுக்கை. ஓவர்."

போய்விட்டாள். கணக்குப் போட்டேன். ஏழு ஐம்பத்தெட்டுக்குப் பாலம் மூடிவிடும். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. ஏழு ஐம்பத்தேழுக்கே மாத்தளை டவுனில் மசாலாக் கடை வைத்திருக்கிற இப்திகாரைக் கூப்பிட்டுச் சோதித்தேன்.

"சொல்லு மச்சான். இடுப்பு நோவாமே?"

கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு ஆக ஒரு நிமிஷம். தைரியமாகப் பட்டனை அமுக்கினேன்.

"இடுப்பு கல்லு மாதிரி இருக்கு! தேங்காய்க்குப் பயந்த நோவு அது. அவ முழுசா நம்பிட்டா!"

"யா அல்லாஹ்! பாவம்டா அந்தப் புள்ள!"

எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். அடடா, என்ன குரல்! இருபத்து மூன்று பேர் வரவு சொன்னார்கள். நடுநடுவே நகைச்சுவையும் தூவினேன். "என் மாமியார் சாம்பார்ல பருப்பத் தேட டார்ச் லைட் வேணும்" என்றதற்கு மாத்தளையே சிரித்தது. முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

"வேற யாராச்சும் இருக்கீங்களா? ஓவர்."

முதலில் நாதஸ்வரம் கேட்டது. அப்புறம் ஊரே சிரிக்கிற சத்தம்.

"யட்டவத்தயிலிருந்து அனுஷியா. ஓவர்."

எனக்கு உண்மையிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது.

"நீயா! பாலம் அப்பவே மூடியிருக்கணுமே?"

"எப்பிடிங்க மூடும்? யாரு பேசினாலும் டைமர் முதல்லருந்து எண்ணும். முப்பத்தோராம் பக்கத்துல போட்டிருக்கு. நீங்கதான் பேசிப் பேசித் தொறந்தே வச்சிருந்தீங்க. தர்ஷி ரேடியோவ லவுட்ஸ்பீக்கர் மைக்குல புடிச்சுக்கிட்டு நிக்கிறா."

"எல்லாருமா கேட்டாங்க?"

"ஐயரும் கேட்டாரு. சாம்பாருக்கு இன்னும் எத்தன படி பருப்பு போடணும்னு அம்மா கேக்குறாங்க."

"அனுஷியா, அது வந்து..."

"நீங்க வருவீங்கன்னு வெள்ளிக்கெழமயே சொல்லி வச்சிட்டேன். ஒரு தேங்காயக்கூட யாரும் தொடல. த்ரீவீலத் திருப்பி அனுப்பியிருக்கேன். ஓவர்."

வாசலில் ஹார்ன் அடித்தது. இருபத்து நாலாவது வரவாக 'அனுஷியா' என்று எழுதிவிட்டு, போய் ஏறினேன்.