படகில் நான் அமுக்கிய ரீசெட் பட்டன்

எனக்குத் தெரியாத விஷயங்களின் பட்டியல் நீளமானது. அதைவிட நீளமானது, அவற்றையெல்லாம் தெரியும் என்று நான் சொல்லிவைத்த இடங்களின் பட்டியல். பழியை என்மீது மட்டும் போடக்கூடாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேரும் எவருக்கும் முதல் நாளே சொல்லித் தருவது இதுதான்: ஆர்டர் தரும் பையர் என்ன கேட்டாலும் 'தெரியும், முடியும், ஆயிரும்.' எப்படி என்பதை அவர் போன பிறகு யோசித்துக்கொள்ளலாம். (யோசித்து, அழுது, எப்படியோ முடித்தும் விடுவோம்.)

ஹென்ரிக் டென்மார்க்காரர், குழந்தைகளுக்கான துணி வாங்குபவர். விடுமுறைக்குக் கொச்சி வந்தவர், அங்கே நண்பர் ஒருவரின் பாய்மரப் படகில் தங்கியிருந்தார். சாம்பிள்களைப் படகுக்கே கொண்டுவந்தால் காயலில் ஒரு சுற்றுப் போய்க்கொண்டே பேசலாம் என்று மெயில் போட்டார். எங்கள் பழைய பையர் தன் ஆர்டர்களை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டதில் தையல் லைன்களில் பாதி சும்மா கிடந்தது. இந்த ஆர்டரும் வராவிட்டால் அந்தப் பாதியை மூடிவிடுவது என்று முதலாளி செந்தில் அண்ணன் முடிவு செய்திருந்தார். மூடினால் முதலில் வேலை போவது லைனில் உட்காரும் பெண்களுக்கு, அடுத்து எனக்கு. சாம்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனோடு கொச்சிக்குக் கிளம்பினேன்.

"அம்மிணி, அந்தாளு எதக் கேட்டாலும் தெரியாதுன்னு மட்டும் சொல்லிப்போடாத," என்றார் அண்ணன், காரில்.

"சரிங்ணா."

"பிரஸ் பட்டன் டெஸ்ட் ரிப்போர்ட்டு வந்துருச்சா?"

"இன்னும் இல்லீங்ணா."

"கேட்டா பாஸாயிருச்சுன்னு சொல்லீரு. ஆயிரும்."

குழந்தைச் சட்டையில் வைக்கும் பட்டன் அது. பிள்ளைகளின் தோலில் படுவதால் ஹென்ரிக் அதில் மட்டும் ரொம்பக் கறார். எனக்கு உறுத்தியது. ஆனாலும் தலையாட்டினேன்.

படகு கரையை விட்டதும் அண்ணன் உள்ளறைக்குப் போய், எலுமிச்சம்பழத்தை மோந்தபடி பெஞ்சில் படுத்துவிட்டார். மேலே நானும் ஹென்ரிக்கும் மட்டும். கொஞ்ச நேரத்தில் முன்பக்கம் பாயின் கயிறு எதிலோ சிக்கிக்கொண்டது. படகு தானாகவே நேராகப் போகும்படி ஏதோ ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு, சிக்கை எடுக்க ஹென்ரிக் எழுந்தார்.

"இந்தக் கருவிகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள். உனக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தெரியும் சார்," என்று வாய் சொல்லிவிட்டது. மூளை அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

எனக்கு நீச்சலே தெரியாது. லைஃப் ஜாக்கெட்டை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டு கருவிகளைப் பார்த்தேன். பெரிய திரையில் வரைபடம், நடுவில் ஒரு குட்டிப் படகு. அது நாங்கள்தான் என்று ஊகிக்க முடிந்தது. (அதோடு என் ஊகம் தீர்ந்தது.) பக்கத்தில் மூன்று சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். ஒன்றின்மேல் டி.பி.டி. என்று எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே டி.பி.டி. என் மகளுக்குப் போட்ட தடுப்பூசி. அதற்குக் காய்ச்சல் வரும் என்பதுதான் ஞாபகம் இருந்தது.

அந்தப் பெட்டியில் 5.2 என்று இருந்தது. பிறகு 4.6. பிறகு 4.1. இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் பழுது குறைகிறதா என்று பார்த்தே பழகிய கண்ணுக்குக் குறைகிற எண் நல்ல எண். பரவாயில்லையே என்று கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

3.0 வந்ததும் பெட்டி பீப் பீப் என்று அலறியது. அதன் கீழே ஒரு பொத்தான் சிவப்பாக மினுங்கியது.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அவர் இரண்டு நிட்டிங் மெஷின் போட்டிருந்தார். நான் வீட்டுப்பாடம் எழுதியது அந்தச் சத்தத்தில்தான். நூல் அறுந்தால் மெஷின் நின்று சிவப்பு விளக்கு எரியும். அறுந்த நூலைத் தேடி முடிச்சுப் போட்டு ரீசெட் பட்டனை அமுக்க வேண்டும். ஆனால் பாதி நேரம் நூல் அறுந்திருக்காது, சென்சார் சும்மா பொய் சொல்லும். அதனால் சிவப்பைப் பார்த்தால் அமுக்கு என்பது என் கைக்கே ஊறிப்போயிருந்தது.

அமுக்கினேன். சத்தம் நின்றது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன். அரை நிமிடத்தில் மறுபடி அலறியது. மறுபடி அமுக்கினேன். பாய் படபடத்த சத்தத்தில் ஹென்ரிக்கின் காதில் விழவில்லை.

"அம்மிணி, என்னமோ கத்துதே?" என்றார் அண்ணன் உள்ளேயிருந்து.

"ஒண்ணுமில்லீங்ணா, ரீசெட் பண்ணீட்டனுங்க."

மூன்றாவது முறை எரிச்சலோடு அமுக்கினேன். ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. என்ன என்று கேட்டால் தெரியாது என்பது வெளியே வந்துவிடும். அதற்குப் பயந்துகொண்டு கேட்காமல் இருந்தேன்.

படகு, எருமை சேற்றில் உட்காருவதுபோல, மெதுவாக உட்கார்ந்தது. உள்ளே அண்ணனும் எலுமிச்சம்பழமும் ஒன்றாக உருண்ட சத்தம் கேட்டது.

ஹென்ரிக் ஓடிவந்தார். டி.பி.டி. என்றால் 'டெப்த்', அந்தப் பெட்டி தண்ணீரின் ஆழத்தைக் காட்டுவது, ஆழம் போதாவிட்டால் கத்துவது என்று அப்போதுதான் தெரிந்தது. தரை தட்டிவிட்டோம். கடல்நீர் ஏறிவந்து படகைத் தூக்க நாலு மணி நேரமாகும்.

"அலாரம் கேட்கவில்லையா?"

"கேட்டது சார்."

"என்ன செய்தாய்?"

"அமுக்கினேன் சார்."

அவர் காப்பி போட்டார். வழியில் போன வள்ளத்துக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். அழுதுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஹென்ரிக் நிதானமாகக் கேட்டார்:

"உங்கள் ஃபேக்டரியிலும் சிவப்பு விளக்கு எரிந்தால் இப்படித்தானா?"

உள்ளறைப் படியில் தலை நீட்டியிருந்த அண்ணன் கண்ணாலேயே கும்பிட்டார். 'எப்போதும் பார்த்துவிட்டுத்தான் சார்' என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் சாய்ந்து கிடந்த படகில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

"சில நேரம் இப்படித்தான் சார்," என்றேன். "இந்தக் கருவிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பட்டன் ரிப்போர்ட்டும் இன்னும் வரவில்லை. பாஸாகுமா என்றும் தெரியாது."

"போச்சு," என்றார் அண்ணன் தமிழில். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஹென்ரிக் காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, "ரிப்போர்ட் வரட்டும்," என்று மட்டும் சொன்னார்.

ரிப்போர்ட் வந்தது. பட்டன் ஃபெயில். அதை அப்படியே அனுப்பினோம், பட்டனை மாற்றி மறுபடி டெஸ்ட் செய்தோம், ஆர்டர் வந்தது. எந்த லைனும் மூடவில்லை. அண்ணன் மட்டும் அதற்குப் பிறகு எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிடுவதில்லை. ஹென்ரிக்கின் ஆர்டர் ஷீட்டில் இன்றைக்கும் கடைசி வரி இப்படித்தான் இருக்கும்: 'தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதவும். அமுக்க வேண்டாம்.'

என் வீட்டில் இது ஒரு சொலவடையாகிவிட்டது. நான் எதையாவது "தெரியும்" என்று அவசரமாகச் சொன்னால் என் வீட்டுக்காரர், "ஆழம் எவ்வளவுங்க மேடம்?" என்பார். போன வாரம் துணி துவைக்கும் மெஷின் பீப் பீப் என்று கத்தியது. போகிற போக்கில் அமுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"அம்மா, தரை தட்டப் போகுது!" என்றாள் மகள்.

முறைத்துக்கொண்டே எழுந்து போய்ப் பார்த்தேன். பின்னால் குழாய் கழன்று கிடந்தது. இந்த முறை ஆழம் எவ்வளவு என்று எனக்குச் சரியாகத் தெரிந்தது: கணுக்கால் வரை.