சமாதானம் வந்த வியாழக்கிழமை

முதலாளியின் தொப்பிமேல் ஆஸ்கர் உட்கார்ந்தது தெரியாமல் நடந்ததல்ல. பார்த்து, நிதானமாக, முழு எடையையும் போட்டுத்தான் உட்கார்ந்தான்.

1918 நவம்பரின் அந்த வியாழக்கிழமை சான் பிரான்சிஸ்கோ முழுக்கச் சங்கும் மணியும் அலறின. ஜெர்மனி பணிந்துவிட்டதாம், சண்டை முடிந்ததாம்! விஷக்காய்ச்சலுக்குப் பயந்து மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு திரிந்த ஊர், கட்டிய துணியோடேயே தெருவில் இறங்கி ஆடியது. பட்டாளத்துச் சட்டை தைக்கும் டட்லி கம்பெனியில் கணக்கெழுதும் ஆஸ்கருக்கோ ஒன்றரை வருஷ ஆத்திரம் மடை உடைத்துக்கொண்டது.

"யோவ் டட்லி! சண்டை சண்டைன்னு சொல்லியே காப்பிக்குச் சர்க்கரைகூட இல்லாம வேலை வாங்கினீரே! கஞ்சப் பிசினாறி! உம்ம வேலையும் வேண்டாம், நீரும் வேண்டாம்!"

டட்லி நெற்றி வியர்க்க, ஜன்னல் வழியே தெருக் கூத்தைப் பார்த்தபடி நின்றார். தன் வசவுதான் ஆளை அடித்துப் போட்டுவிட்டதென்று ஆஸ்கர் பூரித்துப் போனான்.

இருட்டுவதற்குள் அடுத்த பத்திரிகை வந்துவிட்டது. செய்தி தப்பு. சண்டை நடந்துகொண்டுதான் இருந்தது.

நிறைமாத வயிற்றோடு மனைவி மின்னி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "ஊரெல்லாம் ஆடி முடிச்சு வீட்டுக்கு வந்துடுச்சு. நீங்க மட்டும் வேலையைத் தொலைச்சுட்டு வந்திருக்கீங்க. பிறக்கப்போறது காத்தையா குடிக்கும்?"

"கோபத்துல நாலு வார்த்தை..."

"அந்த நாலையும் காலையில போயி திரும்ப வாங்கிட்டு வாங்க!"

மறுநாள் காலை ஆஸ்கர் தன் ஒரே நல்ல தொப்பியைக் காணிக்கையாக ஏந்திக்கொண்டு உள்ளறைக்குள் போனான். முதலாளி நாற்காலியில் அதே போலத் தடித்த ஓர் உடம்பு, கண்வரைக்கும் துணி.

"ஐயா, நேத்து நான் பேசினது..."

"ம்?"

கோபம் ஆறவில்லை என்று பயந்த ஆஸ்கர் ஒரு பொய்யை எடுத்துவிட்டான். "அது உங்களைச் சொன்னதில்லீங்க. எதிர்த்தெருக் கம்பெனி ஹார்கன் இருக்கான் பாருங்க, அவனைத்தான்!"

உருவம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "ஹார்கன் என்ன பண்ணினான்?"

துணிக்குள்ளிருந்து வரும் குரல் யாருடையதாக இருந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கேள்வி கேட்டதே நல்ல சகுனம் என்று ஆஸ்கருக்குத் தெம்பு வந்தது.

"என்னங்க பண்ணலை? சிப்பாய் சட்டையிலயே துணி திருடுற பய. அவன் தைச்சதைப் போட்டுக் குனிஞ்சா முதுகு கிழியும்! கோயில்ல காணிக்கைத் தட்டு வந்தா மட்டும் அவனுக்குத் தூக்கம் வந்துடும்."

"ம். மேல சொல்லு."

"அவன்கிட்ட வேலை பார்க்கிறதுக்கு ஜெர்மன்காரன்கிட்டயே சரணடையலாம். அவன் எங்கே, நீங்க எங்கே! நீங்க எனக்கு அப்பா மாதிரி!"

மேஜைமேல் விரல்கள் தாளம் போட்டன. "வெளியே இரு. கூப்பிடறேன்."

ஆஸ்கர் துள்ளிக்கொண்டு வந்து, தட்டச்சு செய்யும் ஆடாவிடம் குனிந்தான். "காரியம் முடிஞ்சது, ஆடா! ஆனா மனுஷன் இவ்வளவு அடங்கிப்போயிட்டாரே. நேத்து நான் திட்டினது அவ்வளவு வலிச்சுடுச்சா?"

"நீங்க திட்டினது அவர் காதுலயே ஏறலை. சண்டை முடிஞ்சா இனிமே சட்டை யாருக்குன்னு பயந்து, நேத்து சாயங்காலமே கம்பெனியைப் பாதி விலைக்குத் தள்ளிட்டு ரயிலேறிட்டார். ஊருலயே அந்தச் செய்தியை நம்பாத ஒரே ஆளுதான் வாங்கினது," என்ற ஆடா, மூடியிருந்த உள்ளறைக் கதவைக் காட்டினாள். "நீங்க இவ்வளவு நேரம் பேசிட்டு வந்தது எதிர்த்தெரு ஹார்கன்கிட்டதான்."