மாணவர் விலை

மணமகள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு கட்டங்கள் இருந்தன.

உக்கிரபாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டி, திரையில் இருந்த அழைப்பிதழைப் பார்த்தார். அப்போதும் ஏழு கட்டங்கள்தான். மணமகன் ஒழுங்காக இருந்தார். தாய்மாமன்கள் பதினொரு பேரும் பட்டம் பதவியோடு ஒழுங்காக இருந்தார்கள். பெண்ணைத்தான் காணவில்லை.

"மொதலாளி, பொண்ணு இல்லாமக் கல்யாணம் நடக்குமா?" என்று கேட்டான் பால்சாமி. அச்சகத்தில் பதினைந்து வருடமாக வேலை பார்ப்பவன். எந்த நேரத்தில் எதைக் கேட்கக் கூடாதோ அதைக் கேட்பதில் கெட்டிக்காரன்.

"ஏலே, வாய மூடிக்கிட்டு கம்ப்யூட்டர அணைச்சுப் போடு."

அணைத்துப் போட்டார்கள். இப்போது மணமகனும் கட்டமாகிப் போனார்.

2006ஆம் வருடத்து ஆடி மாதம் அது. ஆவணி முகூர்த்தத்துக்கு ராமநாதபுரமே அழைப்பிதழ் அடிக்க அலையும் நேரம். அரண்மனைப் பக்கம் கம்ப்யூட்டர் வைத்த அச்சகங்கள் புதிதாக நான்கு முளைத்திருந்தன. உக்கிரபாண்டியின் கம்ப்யூட்டரில் இருந்த அழைப்பிதழ் மென்பொருளோ, யாரோ மதுரையிலிருந்து முப்பது ரூபாய்க்கு வாங்கி வந்த திருட்டு சி.டி. அதற்கு வைரஸ் வந்து ஒரு வாரமாகிறது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினார். நாகலெட்சுமி அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

"ஹாஜா முகைதீன் கம்ப்யூட்டர் கடையில ஒரிஜினலே விக்கிறாகளாம். பதினெட்டாயிரமாம்."

"பதினெட்டாயிரமா! அதுக்கு நான் கையாலயே எழுதிக் குடுத்துருவேன்."

"படிக்கிற பிள்ளைகளுக்கு நாலாயிரத்துக்குத் தாராகளாம். நமக்கெங்க அந்தக் கொடுப்பினை?" என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

விலை குறைவு என்று எங்கே சொன்னாலும் உக்கிரபாண்டியின் காது நிமிர்ந்துவிடும். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஏர்வாடி சந்தனக்கூடு திருவிழாவில் அவர் வாங்கிவந்த குடைகள் இரண்டும் வீட்டு மூலையில் இருந்தன. இரண்டும் ஒழுகும்.

ஆனால் படிப்பு என்ற பேச்சை எடுத்தால் அதே காது அடைத்துக்கொள்ளும். பி.யூ.சி. முடித்த வருடம் அவருடைய அய்யா இறந்துபோனார். அச்சகம் தலையில் விழுந்தது; கல்லூரி கனவாகிப் போனது. அதன்பிறகு ஊரில் உள்ளவர்களின் பி.ஏ.வையும் பி.எஸ்சி.யையும் ஆயிரக்கணக்கில் அச்சடித்துவிட்டார். சொந்தப் புதுமனை புகுவிழா அழைப்பிதழில், 'நாகலெட்சுமி எம்.ஏ., பி.எட்.' என்று போட்டுவிட்டுப் பக்கத்தில் வெறும் 'உக்கிரபாண்டி' என்று போட்டபோது அவருக்கு வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை. தபாலிலாவது படியுங்கள் என்று நாகலெட்சுமி இருபது வருடமாகச் சொல்லி அலுத்துவிட்டாள். "இந்த வயசுல சிலேட்டத் தூக்கச் சொல்றியா?" என்பார்.

மறுநாள் ஹாஜா முகைதீன் கடையில் கல்லாவில் சாலிஹா இருந்தாள்; நாகலெட்சுமியிடம் படித்தவள்.

"மாணவர் விலைக்கு என்னம்மா வேணும்?"

"அடையாள அட்டை வேணும்ணே."

"யார் அட்டையா இருந்தாலும் பரவாயில்லையா?"

"வாங்குற ஆளோட அட்டைதாண்ணே."

உக்கிரபாண்டி கணக்குப் போட்டார். இருப்பதிலேயே மலிவு தபால்வழி பி.ஏ. தமிழ்; வருடத்துக்கு ஆயிரத்து இருநூறு. அதையும் நாலாயிரத்தையும் கூட்டினாலும் லாபம்தான். சேருவது, அட்டையை வாங்குவது, புத்தகத்தைப் பழைய பேப்பர்காரனிடம் போடுவது என்று முடிவு செய்தார். நாகலெட்சுமியிடம் சொன்னார்.

"ஒங்க இஷ்டம்" என்றாள் அவள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கார்த்திகையில் அட்டை வந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினார். சாலிஹா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அட்டை மட்டும் பத்தாதுண்ணே. பத்து வகுப்புக்காவது வந்திருக்கீகன்னு சான்றிதழ் வேணும்."

"அன்னைக்கு அத நீ சொல்லலையே!"

"இப்பத்தான் கேக்குறாக" என்று சாலிஹா காற்றாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டம். படிப்பும் வேண்டாம் தள்ளுபடியும் வேண்டாம் என்று விட்டுவிடத்தான் நினைத்தார். ஆனால் திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டிலிருந்து அரண்மனை வரை சுவரெல்லாம் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். 'கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் அண்ணன் உக்கிரபாண்டி அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம்!' கீழே பால்சாமியின் பெயர். அட்டைக்கு எடுத்த போட்டோவில் ஒன்று மிஞ்சியதாம், தாளும் கொஞ்சம் மிஞ்சியதாம்.

"ஊர்ல யாரு யாருக்கோ அடிக்கிறோம், நம்ம மொதலாளிக்கு அடிக்கக் கூடாதா?" என்றான்.

இனி எப்படிப் படிப்பை விடுவது? டீக்கடையில் கேட்டார்கள். பெட்டிக்கடையில் கேட்டார்கள். "என்ன பாண்டி, இன்னைக்கு வகுப்பு இல்லையா?" என்று கோயில் வாசலில் செருப்புக் காக்கிற கிழவி கூடக் கேட்டாள். உக்கிரபாண்டி வகுப்புக்குப் போனார். ஆடியிலிருந்து செய்துவந்தது போலவே எதிர்த்த கடையில் காசு கொடுத்து டிசைன் செய்து வாங்கி, வேலையை ஓட்டினார். பின் பெஞ்சில் ஒரு பஸ் கண்டக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாலாவது வாரம் அவருக்கு ஒரு சங்கடம் வந்தது. பாடம் பிடித்துப்போய்விட்டது. கடையில் ஆள் இல்லாதபோது புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, யாராவது வந்தால் அதன்மேல் மாதிரி அழைப்பிதழ் ஆல்பத்தை வைத்து மூடினார்.

சித்திரையில் சான்றிதழோடு போய் நின்றார். சாலிஹா தயங்கித் தயங்கி மாணவர் பதிப்பை எடுத்து வைத்தாள்.

"அண்ணே, இந்தத் தாள ஒரு தடவ படிச்சுட்டு..."

"கையெழுத்து எங்கன போடணும், அத மட்டும் சொல்லு" என்றார். அச்சுத் தொழிலில் முப்பது வருடம் இருந்தவருக்குச் சின்ன எழுத்தைப் படிக்கும் பழக்கம் எப்போதோ போயிருந்தது.

முதல் வேலை கூத்தையாவுடையது. முதுகுளத்தூர் பக்கத்து மிளகாய் விவசாயி. பேத்திக்குக் காதணி விழா. அறுநூறு அழைப்பிதழ், அதில் உறவுக்காரர் பெயர் நாற்பத்து மூன்று. ஒரு பெயர் விட்டுப்போனாலும் வெட்டுக்குத்தாகிவிடும் என்று பெயர்களை மூன்று தடவை சரிபார்த்தார். அடித்துக் கட்டும்போதுதான் பால்சாமி தலையைச் சொறிந்தான்.

"மொதலாளி, கீழ்மூலையில என்னமோ கெடக்கு."

எறும்பு எழுத்தில் கிடந்தது: 'பயிற்சிக்காக மட்டும்.'

அறுநூறிலும் கிடந்தது. மாணவர் பதிப்பில் எதை அடித்தாலும் அந்த வரி தானாக விழும். அவர் கையெழுத்துப் போட்ட தாளில் அதைத் தெளிவாகவே எழுதியிருந்தார்கள்.

கூத்தையா வாசலில் வந்து இறங்கிவிட்டார். உக்கிரபாண்டிக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் வைப்பது வழக்கம்தானே? அந்த மூலையில் மட்டும் கொஞ்சம் தாராளமாக வைத்தால் போச்சு! மஞ்சளைக் குழைத்து இருவருமாக அப்பினார்கள்.

"மஞ்சளும் நீகளே வச்சுட்டீகளா? மகராசனா இருங்க" என்று கூத்தையா கும்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். கும்பிடவில்லை. மஞ்சள் காய்ந்திருந்தது. மங்கலாகக் கிடந்த எழுத்து, மஞ்சள் பின்னணியில் பஸ் போர்டு மாதிரி பளிச்சென்று நின்றது.

"தாய்மாமன் சேதுராமன் என்ன சொல்லிவிட்டாருன்னு தெரியுமா தம்பி? 'பயிற்சிக்கு வெறுங்கையோட வாரேன். நெசமாக் காது குத்துறப்ப சொல்லிவிடுங்க, சீரோட வாரேன்'னுட்டாரு. எம் மருமக சோறு தண்ணி இல்லாமக் கெடக்கா."

உக்கிரபாண்டிக்கு வெட்கமாக இருந்தது. மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய ஈய அச்செழுத்துகளை இறக்கினார். இரண்டு பகல் உட்கார்ந்து தானே கோத்தார். நாற்பத்து மூன்று பெயர்களும், மூலைமுடுக்கும் படித்துப் பார்த்தார். முதல் பத்திரிகையோடு பஸ் ஏறி சேதுராமன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்.

சேதுராமன் பத்திரிகையைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். "அப்ப, பயிற்சி முடிஞ்சுருச்சாக்கும்?"

"முடிஞ்சுருச்சுய்யா."

சீர் இரண்டு வண்டியில் வந்தது. கூத்தையா அச்சகத்துக்கு ஒரு தூக்குச்சட்டி நிறையக் கறிக்குழம்பு அனுப்பினார்.

அடுத்த வாரம் முதல் வருடப் பரீட்சை. வினாத்தாள் வந்ததும் உக்கிரபாண்டி சின்ன எழுத்திலிருந்துதான் ஆரம்பித்தார். 'எவையேனும் ஐந்தனுக்கு மட்டும் விடையளிக்க' என்று இருந்தது. கண்டக்டர் எட்டையும் எழுதிக் கை வீங்கி வெளியே வந்தார். உக்கிரபாண்டி ஐந்தை எழுதிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தன்னை அறியாமல் சிரித்துக்கொண்டே போனார். அப்படி ஒரு சந்தோஷம் வந்து வெகுநாளாகியிருந்தது.

கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் நேராக ஹாஜா முகைதீன் கடைக்குப் போய், பணக்கட்டை மேசைமேல் வைத்தார்.

"சாலிஹா, மாணவர் விலை படிக்கிறதுக்கும்மா, கடைக்கு இல்ல. எனக்குப் பதினெட்டாயிரத்துக்கு உள்ளதையே குடு."

"அப்ப அட்டைக்கு இனி வேலை இல்லையேண்ணே. படிப்ப விட்டுருவீகளா?"

"விடுறதா? இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. அது பாட்டுக்கு அது. நான் நிறுத்துறதா இல்ல."

சாலிஹா பணத்தை அவர் பக்கமே தள்ளிவைத்தாள். குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் தூசியை ஊதினாள். அதன்மேல் 'உக்கிரபாண்டி' என்று அவருக்குப் பழக்கமான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"டீச்சரு போன ஆடியிலயே முழு விலையும் கட்டி வாங்கி வச்சுட்டாகண்ணே, 'படிப்ப நிறுத்த மாட்டேன்னு அவரு வாயால சொல்லுற அன்னைக்குக் குடு'ன்னாக."