காது எட்டினால் சேர்க்கை

தப்பு எதுவும் செய்யாத மனிதர்களையெல்லாம் நடுத்தெருவில் நிறுத்திக் காதைப் பிடிக்க வைத்தவர் தர்மபுரிச் சீமையிலேயே ஒருவர்தான். பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. காது வாத்தியார் என்றால் பாப்பிரெட்டிப்பட்டிச் சந்தையில் மாடுகூட வழி விடும்.

அந்தக் காலத்தில் பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார்கள்? வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்தது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். எட்டாவிட்டால் அடுத்த வருஷம். எல்லா வாத்தியார்களும் செய்ததுதான். ஆனால் மற்றவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளைக்குச் செய்தார்கள். இவர் கண்ணில் பட்ட உயிருக்கெல்லாம் செய்தார். சந்தையில் ஒருத்தி இடுப்பிலிருந்த கைக்குழந்தையின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு வெரக்கடை பாக்கிம்மா. பால நல்லா குடு" என்று சொன்னதை இந்தக் கண்ணால் பார்த்தேன். அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கீரைக்காரி கூடையை விட்டுவிட்டு ஓடினாள்.

நான் மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கியபோது மீசை முளைத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. அப்பன் செத்தான், சோறு நின்றது, சிலேட்டும் போயிற்று. பிறகு எங்கே வேலையோ அங்கே ஊர். சித்தேரி மலையடியில் ஒரு கிராமத்தில் மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்க ஆள் வேண்டுமென்றார்கள், போனேன். கிணற்றுக்கு எதிரே ஓலைக் கொட்டாய். அதுதான் பள்ளிக்கூடம். அதிலிருந்து ஒல்லியாக ஒரு மனிதர் ஓடி வந்தார்.

"ஏம்பா, கையத் தூக்கு."

எதையோ திருடியதாகச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்து இரண்டு கையையும் தூக்கினேன்.

"ஒண்ணு போதும். தலைக்கு மேல கொண்டாந்து காதத் தொடு. ஆங், எட்டுது. எது வரைக்கும் படிச்ச?"

"ரெண்டாவதுங்க."

"அப்ப நாளையிலேர்ந்து மூணாவது."

"ஐயா, எனக்கு மீசை இருக்குதுங்க!"

"மீசையப் பத்தி ரூல்ல ஒண்ணும் சொல்லல."

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த மாதம் இன்ஸ்பெக்டர் வரும்போது நாற்பது பிள்ளைகள் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவதாகத் தாக்கீது வந்திருந்தது. மூடினால் அடுத்த பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். மலைப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் நடக்க மாட்டார்கள், ஆட்டுக்குப் பின்னால் போய்விடுவார்கள். இருப்பதோ ஒரே வாத்தியார். வருவதோ தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள், கன்னடம் பேசும் ஆட்டுக்காரர் பிள்ளைகள், மாதா கோவில் மணி அடித்தால் சிலுவை போட்டுக்கொள்ளும் பிள்ளைகள். மலைப் பிள்ளைகளில் பாதிப் பேர் புளி உலுக்க மேலே ஏறியிருந்தார்கள். ஆகவே எட்டிய காதையெல்லாம் அவர் ரிஜிஸ்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

கொட்டாய் ஊர்க்கவுண்டருடையது. அவர் வீட்டில் நாலு பேத்திகள். மூன்று வருஷமாக வாத்தியார் கேட்டும் "பொட்டப் புள்ளைங்களுக்கு இன்னாத்துக்குப் படிப்பு?" என்று விரட்டிவிட்டார். ஒருநாள் ஊரார் நடுவில் கிண்டலாகக் கேட்டார்:

"ஏ வாத்தி, என்னியும் சேத்துக்கிறியா?"

வாத்தியாருக்குக் கிண்டல் புரியாது. "கையத் தூக்குங்க கவுண்டரே."

சின்ன வயதில் காளை முட்டிய தோள். கை நெற்றியோடு நின்றுவிட்டது. வாத்தியார் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "எட்டலீங்களே. உங்களுக்கு இன்னும் வயசு வல்லீங்க. அடுத்த வருசம் வாங்க."

ஊரே விழுந்து சிரித்தது. கவுண்டர் துண்டை உதறிக்கொண்டு போனார். கொட்டாய் போயிற்று என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டோம்.

இன்ஸ்பெக்டர் வந்த நாளில் நான் குழந்தைகளுக்குப் பின்னால் முழங்காலை மடித்து உட்கார்ந்திருந்தேன். பேர் கூப்பிட்டார்கள். ஒருவன் "உள்ளேன் ஐயா" என்றான், அடுத்தவன் தெலுங்கில் "உன்னானு சார்" என்றான், அதற்கடுத்தவன் கன்னடத்தில் "இத்தீனி சார்" என்றான். இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு பையன் வாய்ப்பாட்டைத் தெலுங்கில் ஒப்பித்தான். அவர் விரல் விட்டுச் சரிபார்த்துவிட்டு, "கணக்கு சரியாத்தான் இருக்கு" என்று முனகினார்.

என் பேர் வந்தது. எழுந்தேன். தலை கூரையில் இடித்தது.

"இது யாரு?"

"மூணாம் கிளாஸ் சார்."

"வயசு?"

"காது எட்டுதுங்க சார்."

அடுத்த பேருக்குக் கொட்டாய்க்கு வெளியிலிருந்து "உள்ளேன் ஐயா!" என்று குரல் வந்தது. இன்ஸ்பெக்டரை மொரப்பூரிலிருந்து ஏற்றி வந்த வண்டிக்காரன்! போன வாரமே வாத்தியார் அவன் காதையும் பார்த்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் சிவப்புப் பேனாவை எடுத்தார். நான், வண்டிக்காரன், ஓர் ஆட்டுக்காரர், ஒரு வளையல்காரர் நாலு பேரும் ரிஜிஸ்டரில் அடிபட்டோம். மிச்சம் முப்பத்தாறு.

வாத்தியார் சாக்பீஸை நசுக்கிக்கொண்டே நின்றார்.

அப்போது வாசலில் கவுண்டர். பின்னால் நாலு பாவாடைகள்.

"எனக்குத்தான் வயசு வல்லைன்னுட்ட. இதுங்களுக்கு வந்துடுச்சான்னு பாருய்யா."

மூன்று பேருக்கு எட்டியது. கடைசிக் குட்டிக்கு விரல் நுனிக்கும் காதுக்கும் நடுவில் ஒரு நெல் போகும். கணக்கு முப்பத்தொன்பதில் நின்றது. எட்டுது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எட்டலீங்க" என்றார் வாத்தியார்.

நான் ஆடிப்போனேன். மீசைக்காரனைச் சேர்த்தவர், ஒரு நெல்லுக்குப் பொய் சொல்ல மாட்டேன் என்கிறார்! கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாய் மட்டும் மாறவில்லை.

இன்ஸ்பெக்டர் குனிந்து குழந்தையிடம் சொன்னார்: "தலையக் கொஞ்சம் சாச்சுக்கோம்மா."

தொட்டது. நாற்பது.

அடுத்த மாதம் கிணறு வற்றியது, நான் வேறு ஊர் பார்த்துக் கிளம்பினேன். அதற்குப் பிறகு எந்த ரிஜிஸ்டரிலும் என் பேர் ஏறவில்லை. எத்தனையோ ஊரில் மூட்டை தூக்கியதில் வலது தோள் இறுகிவிட்டது. நேற்று சும்மா தூக்கிப் பார்த்தேன், கை நெற்றியோடு நின்றது. அவர் கணக்கில் எனக்கு இன்னும் வயது வரவில்லை. அடுத்த வருசம் வா என்பார்.

கூப்பிட அவர் இருந்தால், போவேன்.