தொண்ணூறு நிமிடத் தர்ணா

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளைக் காலவரிசைப்படி பதிவு செய்கிறேன். வரிசை மாறினால் சரித்திரம் குழம்பிவிடும்.

முதலாவது, 1986. எங்கள் கடற்கரை ஊருக்குப் பேருந்து கேட்டு நான்கு நாள் பட்டினி கிடந்தேன். பேருந்து வந்தது. முதல் சவாரிக்கு ஊரே ஏறியது. எனக்கு இடமில்லை.

இரண்டாவது, 1993. கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டுச் சாலையில் உட்கார்ந்தேன். நான்கு காவலர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. நான்கு காவலர்களின் முகமும் தெளிவாகத் தெரிந்தது. என்னுடையதில் இடது கால் மட்டும் வந்திருந்தது.

மூன்றாவது, 2007. நான் போராடி வாங்கிய தெருக்குழாய்க்குக் கல்வெட்டு வைத்தார்கள். திறந்தவர் பெயர் உண்டு, முன்னிலை வகித்தவர் பெயர் உண்டு, கல்லைச் செதுக்கியவர் பெயர்கூட உண்டு.

நான்காவது, 2018. நாற்பது பேர் இருந்த என் குழுவில் முப்பத்தேழு பேர் கால்பந்து மன்றத்துக்குப் போய்விட்டார்கள்.

ஐந்தாவது, இந்த ஆண்டு. என் மனைவி விக்டோரியா. முதல் நான்கையும் அரசாங்கமும் ஊரும் கூடிச் செய்தன. ஐந்தாவதை அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்தாள்.

விவரம் இது. 'கடலோர உரிமை மீட்புக் குழு'வின் தலைமையகம் எங்கள் வீட்டு முன்னறை. நான் தலைவர். ஏசுஅடிமை செயலாளர், பொருளாளர், கொடி பிடிப்பவர். மூன்றாவது உறுப்பினர் விக்டோரியா. கணக்குக்கு ஆள் வேண்டுமே என்று அவள் பெயரை நானே எழுதிக்கொண்டேன். அதே முன்னறையில்தான் வளைகுடாவிலிருந்து மகன் டிஜோ கொண்டுவந்த பெரிய டிவியும் இருக்கிறது. தப்பு அங்கேதான்.

உலகக் கோப்பை தொடங்கியது. தெருப்பெண்கள் எட்டுப் பேர், பக்கத்து வீட்டு ஜாஸ்பின் தலைமையில், அவரவர் வீட்டு நாற்காலியோடு வந்து இறங்கினார்கள். விளையாட்டு எந்த நேரத்தில் நடக்கும் என்று நான் கேட்டதில்லை. எந்த நேரமும் நடந்துகொண்டுதான் இருந்தது. தலைமையகத்தைக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் மாற்ற வேண்டியதாயிற்று. அங்கே நாங்கள் நிறைவேற்றிய முதல் தீர்மானத்தின்மேல் ஒரு கோழி ஏறி நின்றது. அதற்கு மேல் செய்ததை எழுத மாட்டேன்.

பொறுத்தது போதும் என்று கால்பந்தைக் கண்டித்து ஒரு துண்டறிக்கை எழுதினேன். அடுக்களை வாசலில் நின்று அதை உரக்க வாசித்தேன். மனிதனுக்கு ஏற்ற விளையாட்டு கிரிக்கெட் என்பது அதன் சாரம். இரண்டு ஓவருக்கு நடுவில் ஒரு மனு எழுதலாம். விக்கெட் விழுந்தால் நகல் எடுக்கலாம். தேநீர் இடைவேளையில் தபாலில் சேர்க்கலாம். ஐந்து நாள் ஆட்டம் ஒன்றில் நான் பதினோரு மனு முடித்திருக்கிறேன்.

விக்டோரியா இறால் உரித்துக்கொண்டே கேட்டாள். அவள் அப்பா எங்கள் மாதாக்கோயில் பங்கு அணிக்குக் கோல் காத்தவர். கிழிந்த மீன்வலையைக் கட்டிய கோல்கம்பத்தின் கீழேதான் அவள் நடக்கப் பழகியது. அப்படிப்பட்டவளிடம் வாதம் செய்யப்போனது என் தைரியம்.

"ஆட்டத்துக்கு எடையில மனு எழுத முடியும்னா, அது ஆட்டமா, தாலுக்கா ஆபீசா?"

வாலிபாலைச் சொன்னேன். நிமிடத்துக்கு ஒரு பாயிண்ட் விழுகிறது, தினமும் திருநாள் வைத்தால் கறிக்கு ருசி இருக்குமா என்றாள். கபடியைச் சொன்னேன். மூச்சு முட்டும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அடுத்த மூச்சில் முடிந்துவிடுகிறதே என்றாள்.

"கால்பந்துல ஒண்ணரை மணி நேரம் ஒண்ணுமே நடக்காட்டாலும், இப்ப நடக்கும் இப்ப நடக்கும்னு இருக்கும். கண்ணு சிமிட்ட முடியாது."

"அது எனக்குப் புதுசாட்டி? தூண்டில் வளைவுக்கு முப்பது வருசமா நான் அப்படித்தான் இருக்கேன்."

"அங்க நடக்காது. இங்க நடக்கும். அதாக்கும் வித்தியாசம்."

பிறகு இறால் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். குரலில் மரியாதை கூடியது. மரியாதை கூடினால் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"நீங்க உக்காந்தா எழும்பாத ஆளாக்கும்னு ஊருல பேரு. ஒரே ஒரு ஆட்டம் முழுசும் எழும்பாம இருந்திருவியளா? இருந்தா நாங்க எல்லாரும் ஜாஸ்பின் வீட்டுக்குப் போறோம். நானும் கூட இருக்கேன். மொதல்ல எழும்புனவங்களுக்கு முன்னறை இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் தார் உருகும் சித்திரை வெயிலில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தவன். அவளோ, போன வாரம் ஒரு கோலுக்குக் குதித்ததில் சுவரில் மாட்டியிருந்த திருக்குடும்பப் படம் சாய்ந்துவிட்டது. வெற்றி கையில் இருக்கும்போது கை சும்மா இருக்குமா? முன்னறை மட்டுமல்ல, குழுவின் தலைவர் பதவியும் பந்தயம் என்றேன். அவள் கேட்கவில்லை. நானாகவே கொடுத்தேன்.

ஒப்பந்தத்தை நானே எழுதினேன். மாதாக்கோயில் மணி, மின்வெட்டு, விருந்தாளி, தேள், எந்தக் காரணம் சொல்லியும் எழுந்திருக்கக் கூடாது. ஒரு ஓட்டை இல்லை. இருவரும் கையெழுத்துப் போட்டோம். எந்த ஆட்டம் என்று தேர்ந்தெடுக்கும் சின்ன வேலையை அவளிடம் விட்டேன்.

மறுநாள் காலை பத்து மணி. எட்டுப் பெண்களும் ஏசுஅடிமையும் சாட்சி. நான் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தேன். விக்டோரியா எதிரே முக்காலியில், மடியில் இறால் சட்டியோடு.

சிவப்புச் சட்டைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் ஆட்டம். சிவப்புக்காரர்களின் நாட்டில் மொத்தமே நம் மாவட்டத்து ஜனம் இருக்காது என்று ஜாஸ்பின் காதில் போட்டாள். வெள்ளைக்காரர்கள் அவர்களை ஒரு காலத்தில் ஆண்டவர்களாம். இதை ஏன் என்னிடம் சொன்னாள் என்று அப்போது யோசிக்கவில்லை.

இருபது நிமிடம் கல்லாக இருந்தேன். அப்போது ஒரு வெள்ளைச் சட்டை ஒரு சிவப்புப் பையனைத் தட்டிவிட்டான். தலையில் கட்டுப்போட வேண்டியதாயிற்று. நடுவர் விசில் ஊதவில்லை. அந்த முகத்தை நான் அறிவேன். நாற்பது ஆண்டுகளாக 'கோப்பு மேலிடத்தில் இருக்கிறது' என்று என்னிடம் சொன்ன முகம் அது. என் முழங்கால் லேசாக அசைந்தது.

"ஜான்ரோஸ் அண்ணே, முட்டு," என்று ஏசுஅடிமை எச்சரித்தார்.

இரண்டாம் பாதியில் சிவப்பு ஒரு கோல் போட்டது. மைதானமே கூத்தாடியபின், கோட்டோரம் நின்ற ஒருவன் நிதானமாகக் கொடியைத் தூக்கினான். கோல் செல்லாதாம். கல்யாணம் முடிந்து பந்தியில் இலை போட்டபின் கொண்டுவரும் தடையாணை அது. ஒரு மனு எழுதினால்தான் மனம் ஆறும் போலிருந்தது. பேனாவைத் தொட நேரம் இல்லை. பந்து நிற்கவே இல்லை. தேநீர் ஆறிப்போனது. எனக்குக் கால் இருப்பதே மறந்துபோனது.

அந்த எட்டுப் பெண்களும் பந்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதையும் கவனித்தேன். கவனித்து, பெருமைப்பட்டேன்.

கடைசி நிமிடம். வெள்ளைக்காரர்கள் நேரத்தைக் கடத்தினார்கள். ஆள்பவனுக்கு அது கைவந்த கலை. அப்போது தலையில் கட்டுப்போட்ட அந்தப் பையன் எங்கிருந்தோ வந்து பந்தைப் பறித்தான். ஒருவனைத் தாண்டினான். இன்னொருவனைத் தாண்டினான். கோல்காரன் விரித்த கைக்குக் கீழே, ஒரு சாண் இடைவெளியில், பந்து வலையில் போய் மாட்டியது. கொடி எழவில்லை.

எழுந்தது நான்தான். எழுந்தேன் என்று சொன்னால் குறைவு. சம்மணத்திலிருந்து நேரே மேசைமேல் நின்றேன். 'நீதி வென்றது' என்று கத்தினேன். ஏசுஅடிமை என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதார். என் வாழ்நாளில் நான் பார்த்த ஒரே முழு வெற்றி அது.

பிறகு, அறையில் வேறு யாரும் கத்தவில்லை என்பது மெல்லப் புரிந்தது.

விக்டோரியா முக்காலியில் இருந்தாள். கடைசி இறாலின் தலையைக் கிள்ளினாள்.

மேசையிலிருந்து இறங்காமலே கேட்டேன். "ஏட்டி, இதுக்கும் எழும்பாம இருக்க உனக்கு எப்பிடி முடிஞ்சுது?"

"வெளுப்பாங்காலமே, நீங்க உறங்கையில, நாங்க எல்லாரும் இந்த ஆட்டத்தப் பாத்தாச்சு. அப்ப நாலு தடவை எழும்பினேன். இது டிவியில திருப்பிப் போடுததாக்கும்."

மோசடி என்றேன். நம்பிக்கைத் துரோகம் என்றேன். ஒப்பந்தம் செல்லாது என்றேன். அவள் ஏசுஅடிமையிடம் சட்டியைக் காட்டி, கை நாற்றமாக இருக்கிறது, நீங்களே வாசியுங்கள், பார்த்த ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று கேட்டாள். அவர் இரண்டு பக்கமும் புரட்டினார். தேள் இருந்தது. மின்வெட்டு இருந்தது. அது இல்லை.

"தலைவரே, நல்லா எழுதியிருக்கிய. ஒரு ஓட்டை இல்ல," என்றார். வருத்தமாகத்தான் சொன்னார்.

பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எட்டுச் சாட்சிகளையும் ஒருமுறை பார்த்து, தொண்டையைச் செருமி, எந்தப் பொதுக்கூட்டத்திலும் எனக்காக வாசிக்காத அழுத்தத்தோடு வாசித்தார்:

"கடலோர உரிமை மீட்புக் குழு. தலைவர், திருமதி விக்டோரியா ஜான்ரோஸ்."