டிகிரியம்மாவும் பதினொரு ‘ஆய்த்து’களும்

பெங்களூரில் நாங்கள் குடியிருந்த ஏழாவது கிராஸ் தெருவில் பி.ஏ. மூன்று பேர், பி.எல். ஒருவர், லண்டன் வரை படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவர் ஒருவர். ஆனாலும் ‘டிகிரி’ என்று யாராவது சொன்னால் தெரு முழுவதும் ஒரே ஆளைத்தான் நினைக்கும். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நான்கு எருமைகள் வைத்துப் பால் ஊற்றுகிறவர். அரசாங்கத்தின் சுகாதார இலாகா முழுவதையும் தனி ஆளாகப் பரீட்சை செய்து, அநேகமாக எல்லாப் பாடத்திலும் தோல்வி போட்டவர் இந்த உலகத்தில் டிகிரியம்மா ஒருவர்தான். கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறேனோ என்னவோ. எதற்கும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம், தினமும் இரண்டு வேளை பார்க்கிறவரிடம் திடீரென்று பெயர் கேட்டால் என்ன நினைப்பாரோ என்று விட்டுவிட்டேன். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கிராஸ் முடிந்து ராகி வயல் தொடங்கும் இடத்தில் அவருடைய கொட்டகை. மார்கழிக் காலையில் வாசல் கதவைத் திறந்தால் தெருவே இருக்காது, வெறும் பனிதான். அந்தப் பனியில் ஓர் இடம் மட்டும் கொஞ்சம் கறுக்கும். பிறகு அசையும். பிறகு அதற்குக் கொம்பு முளைக்கும். எருமை முழுவதுமாக வந்து சேர்ந்த பிறகு அதன் பின்னாலிருந்து, “ஏம்மா, சொம்பு எடுத்தா” என்று குரல் வரும். எட்டு மாதக் குழந்தையோடு சரியான தூக்கமே இல்லாத எனக்கு, அது கனவின் மிச்சமா, பால் வேளையா என்று தெளியவே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

பட்டம் வந்த கதை இது. நாங்கள் அங்கே குடி வருவதற்கு முன்னால் ஒரு நாள், சுகாதார அதிகாரி தெருவிலேயே அவரை நிறுத்தி, பால் குடத்தில் லாக்டாமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்தாராம். டிகிரி குறைகிறது, தண்ணீர் கலந்திருக்கிறது என்று அபராதம் போட்டுவிட்டாராம். நல்ல பால் சாமி என்று இவர் எவ்வளவு சொல்லியும் அதிகாரி காதில் வாங்கவில்லை. அன்றைக்கு உண்மையிலேயே தண்ணீர் கலந்திருந்ததா என்று நான் ஒரு தடவை தயங்கித் தயங்கிக் கேட்டேன். “அது வேற கத” என்று சொல்லிவிட்டு அளவுக்கு மேலே ஒரு கை பால் ஊற்றினார்.

அபராதம் கட்டிய கையோடு சந்தைக்குப் போய், பழைய சாமான் கடையில் அதே மாதிரி ஒரு குழாய் வாங்கிவந்தார். அதிலிருந்த எண்களைப் படிக்கத் தெரியாது. ஆகவே எருமையிடமிருந்து நேரே கறந்த பாலில் அதை மிதக்கவிட்டு, எதுவரை முழுகியதோ அந்த இடத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிக்கொண்டார். நூல் வெளியே தெரிந்தால் சரக்கு. நூல் முழுகினால் தண்ணீர். குழாயை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு இலாகா எங்கள் தெருவுக்கு அனுப்பிய எதுவும் அந்த நூலுக்குத் தப்பவில்லை.

முதலில் அகப்பட்டது தர்மாஸ்பத்திரி மருந்து. ஜுரத்துக்குச் சிவப்பு, இருமலுக்கு மஞ்சள், வயிற்றுக் கோளாறுக்குப் பச்சை. மூன்றையும் மூன்று சீசாவில் வாங்கி, ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து குழாயை விட்டுப் பார்த்தார். மூன்றிலும் நூல் ஒரே ஆழத்துக்கு முழுகியது. கம்பவுண்டர் ஓடிவந்து, இது மருந்து, பால் இல்லை, இதற்கு அந்தக் கணக்கு ஒத்துவராது என்று விளக்கினார். “அப்ப கலருக்கு மட்டுந்தான் செலவு பண்ணீங்களா சாமி?” என்று இவர் கேட்டாராம். மறுநாள் முதல் மருந்து கசக்கத் தொடங்கியது. கசப்பு வந்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட நோயாளிகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்தது சாக்கடைக்கு ஃபினாயில் ஊற்றும் வண்டி. தண்ணீரில் கலந்தால்தான் அது வெள்ளையாகும், அதுதான் முறை என்று வண்டிக்காரர் சத்தியம் செய்தார். டிகிரியம்மா நீண்ட பெருமூச்சு விட்டார். “தண்ணி கலந்தாத்தான் வெள்ளைன்னு நானும் அன்னிக்கே சொல்லியிருக்கலாம். தோணாம பூடுச்சே” என்றார். பிறகு வண்டியோடு கிராஸ் கோடி வரை நடந்து, ஒவ்வொரு வீட்டுச் சாக்கடையாகக் குனிந்து மோந்து பார்த்தார். மணம் வராத வீட்டில் வண்டி மறுபடியும் பின்னால் வர வேண்டியிருந்தது.

பிறகு அந்த போர்டு. தெருக்கோடிக் காலி மனையில் ஒரு கம்பம் நட்டு, அங்கே பொதுமக்களுக்குக் கக்கூஸ் இருப்பதாக மூன்று பாஷையில் எழுதி வைத்திருந்தார்கள். போர்டு வந்து இரண்டு மழைக்காலம் போயிற்று; கக்கூஸ் வரவில்லை. ஆனால் இலாகாவின் வருஷ அறிக்கையில் அது கட்டி முடிந்து, செலவும் எழுதியாகிவிட்டது. என் கணவர் கொண்டுவந்த காகிதத்தில் அதைப் பார்த்து, பால் வாங்கும்போது அவருக்கு வாசித்துக் காட்டியது நான்தான். வாசித்திருக்க வேண்டாமோ என்று அப்புறம் ஒரு வாரம் கவலைப்பட்டேன். மறுநாள் நான்கு எருமைகளும் அந்தக் கம்பத்தில் கட்டப்பட்டிருந்தன. அதிகாரி நேரில் வந்து அதட்டினார். “உள்ள கட்டல சாமி. சொவுத்துக்கு வெளியதான் கட்டிக்கிறேன்” என்று அடக்கமாகப் பதில் வந்தது. திரும்பிப் போகும்போது அதிகாரி அந்த இல்லாத சுவரைச் சுற்றிக்கொண்டுதான் போனார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

இதெல்லாம் சிரிக்கத் தகுந்த விஷயங்கள். சிரிக்க முடியாத ஒன்று என் வீட்டில் நடந்தது. அதற்குக் காரணம் நான்தான்.

ஒரு திங்கட்கிழமை இலாகா சேவகர் ஒருவர் ரிஜிஸ்தரோடு வாசலில் வந்து நின்றார். வியாழக்கிழமை அம்மை குத்துகிறவர் வருகிறார், குழந்தையைத் தயாராக வைத்திருங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்தவள். அந்த ஊர்ச் சோற்றைச் சாப்பிடுகிறோம், அந்த ஊர்ப் பாஷையில் பதில் சொல்வதுதான் மரியாதை என்று, “ஆய்த்து” என்றேன்.

கன்னடத்தில் ‘ஆய்த்து’ என்றால் ‘சரி, ஆகட்டும்’. ‘ஆகிவிட்டது’ என்றாலும் அதே ‘ஆய்த்து’தான். நான் சொன்னது முதலாவது. சேவகர் நேர்மையான மனிதர். காதில் விழுந்ததை என் குழந்தையின் பெயருக்கு எதிரே அப்படியே எழுதிக்கொண்டார். ஆபீஸில் அதைப் படித்தவர்கள் இரண்டாவதாகப் படித்தார்கள். எங்கள் கிராஸில் கைக்குழந்தையுள்ள தமிழ்க் குடும்பங்கள் பதினொன்று. பதினொரு தாய்மாரும் என்னைப் போலவே மரியாதை தெரிந்தவர்கள்.

வியாழக்கிழமை குழந்தைக்குக் கையில்லாத சட்டை போட்டு, தலை வாரிக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. அதற்குள் எட்டாவது கிராஸில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள்.

என் கணவர் ஆபீஸ் போகும் வழியில் இலாகாவில் விசாரித்து வந்தார். “ரிஜிஸ்தர்ல குத்தியாச்சுன்னு இருக்கே” என்றார். அவர் அரசாங்க உத்தியோகஸ்தர். குழந்தையின் இரண்டு கைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. பிறகு என்னைப் பார்த்து, “நீ நல்லா யோசிச்சுப் பாரு” என்றார்.

யோசித்துப் பார்த்தேன். அதுதான் வெட்கக்கேடு. ஒருவேளை நான் அடுக்களையில் இருந்தபோது யாராவது வந்து குத்திவிட்டுப் போயிருப்பார்களோ? வடு பிறகுதான் தெரியுமோ? தூக்கமில்லாத என் தலையை நம்புவதா, முத்திரை போட்ட புத்தகத்தை நம்புவதா? குழந்தையின் கன்னத்தில் ஒரு கொசுக்கடி சிவந்தாலும் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மறுநாள் காலை நான் சொம்பைத் தலைகீழாக நீட்டியதை டிகிரியம்மா பார்த்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். வேப்பிலை செருகிய வீட்டைச் சொன்னேன். ரிஜிஸ்தரைச் சொன்னேன்.

“கத அப்புறம். கொயந்தைக்குப் பாலு வெச்சாச்சா, வெக்கலியா? ஒண்ணு சொல்லு.”

அம்மை குத்துகிற மருந்துக்கு நம்மவர்கள் அம்மைப்பால் என்றுதானே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. மருந்து, ஃபினாயில், கக்கூஸ் எல்லாம் அவருக்கு ஊர்ப்பொது விவகாரம். பால் அவருடைய சொந்த விவகாரம்.

“வெக்கல” என்றேன். அப்படி உறுதியாகச் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

“பாலுன்னு பேரு வெச்சிக்கினு அதுல பொய் சொல்லுவாங்களா? கொயந்தைய எடு. பொறப்படு.”

கணவரைக் கேட்காமல் நான் தெருவில் இறங்கியது அதுவே முதல் தடவை. அன்று பனி பத்து மணிக்கும் விலகவில்லை. டிகிரியம்மா முன்னால் நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, பாலு வெச்சாச்சா என்று ஒரே கேள்வி. ஒவ்வொரு வாசலிலிருந்தும் சால்வைக்குள் ஒரு குழந்தையோடு ஒரு தாய் இறங்கி வந்தாள். மரங்களிலிருந்து பனி சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பழக்க தோஷத்தால் ஓர் எருமையும் கூடவே வந்தது. இப்போது நினைத்தால் நாங்கள் நடந்ததாகவே தோன்றவில்லை. எங்களைச் சுமந்துகொண்டு தெருதான் மெதுவாக மிதந்து போனது போல இருக்கிறது.

இலாகா ஆபீஸில் இருந்தவர் முன்பு டிகிரியம்மாவுக்கு அபராதம் போட்ட அதே அதிகாரி. பதினொரு குழந்தைகளைப் பார்த்துக்கூட அவர் கலங்கவில்லை; ஜன்னலில் எருமை எட்டிப் பார்த்தபோதுதான் எழுந்து நின்றார். குமாஸ்தா ரிஜிஸ்தரைத் திறந்து காட்டினார். ஏழாவது கிராஸ், பதினொரு பெயர்கள், பதினொரு ‘ஆய்த்து’கள். கீழே, அத்தனை பேருக்குமான அம்மைப்பால் செலவாகிவிட்டது என்ற குறிப்பு. அதற்கும் கீழே அதிகாரியின் கையெழுத்து.

“ஆய்த்துன்னு யாரம்மா சொன்னது?” என்று அதிகாரி கேட்டார்.

பேசாமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. “நாந்தாங்க. சரிங்கற அர்த்தத்துல சொன்னேன்” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பெற்ற தாயே ஆகிவிட்டது என்று சொன்ன பிறகு இலாகா என்ன செய்ய முடியும் என்று அறையைச் சுற்றிப் பார்த்துக் கேட்டார். அவ்வளவுதான், என் வாயாலேயே என் குழந்தையைக் கெடுத்துவிட்டேன் என்று அதை இறுக்கிக்கொண்டேன்.

டிகிரியம்மா குரலை உயர்த்தவே இல்லை. “இந்தம்மா சொன்னா எழுதிக்குவீங்களா சாமி? அன்னிக்கி எம்பாலு நல்ல பாலுன்னு நான் சொன்னனே. அத எழுதிக்கினீங்களா? கொழாய வுட்டுத்தானே பாத்தீங்க?” என் குழந்தையின் கையை எடுத்து ரிஜிஸ்தரின் மேல் வைத்தார். “இதான் கொழா. பாருங்க. இதுல எங்க இருக்குது ஆய்த்து?”

குழந்தை குனிந்து அதிகாரியின் கையெழுத்தை நிதானமாகப் பார்த்து, அதன் மேல் எச்சில் வடித்தது.

“ஆய்த்தம்மா, ஆய்த்து” என்றார் அதிகாரி.

பதினொரு தாய்மாரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்வாங்கினோம்.

“எந்த ஆய்த்து சாமி?” என்றார் டிகிரியம்மா. “ஆச்சா, ஆகட்டுமா?”

அதிகாரி நல்லவர்தான் என்று நினைக்கிறேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொள்ளவும் இல்லை. அம்மை குத்துகிறவரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி வரச் சொன்னார். பழைய மருந்து என்ன ஆயிற்று என்று டிகிரியம்மா விடவில்லை. அலமாரியிலேயே இருந்து கெட்டுப்போய்விட்டது என்று குமாஸ்தா ஒப்புக்கொண்டார். கெட்டதைக் கெட்டது என்று எழுதணும், செலவு என்று எழுதக் கூடாது என்றார் இவர். பால் வியாபாரத்தில் அதுதான் வித்தியாசமாம். குமாஸ்தா ஒவ்வொரு ‘ஆய்த்து’வையும் அடித்து, ‘ஆகலில்ல’ என்று திருத்தினார். சரியாக எழுதியிருக்கிறதா என்று உரக்கப் படிக்கும் வேலை எனக்கு. சர்க்கார் ஆபீஸில் நின்று, பதினொரு தடவை, ஆகவில்லை ஆகவில்லை என்று வாசித்தேன். ஐந்தாவது பெயருக்கு மேல் என் குரல் நடுங்கவில்லை.

புது மருந்து வந்தது. குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக அழுதன. அதன்பிறகு தினமும் காலையில் பனிக்குள்ளிருந்து, “பொங்குச்சா?” என்று ஒரு குரல் கேட்கும். பால் பொங்குவதைக் கேட்கிறார் என்று புதிதாக வந்த எங்கள் வேலைக்காரி நினைத்துக்கொண்டாள். எட்டாம் நாள் குழந்தைக்கு ஜுரம் அனலாகக் காய்ந்தது. கையில் குத்திய இரண்டு இடமும் முத்துப் போல எழும்பியிருந்தன. தப்புச் செய்துவிட்டேனோ என்று மறுபடியும் அழத் தொடங்கினேன். அவர் வாசலில் நின்றபடியே அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். “நல்ல பாலு. பொங்கிடுச்சு. போய்த் தூங்கு” என்றார். அன்று நான் தூங்கினேன்.

எங்கள் கிராஸில் எந்தக் குழந்தைக்கும் அம்மை வரவில்லை. அடுத்த வருஷம் எருமைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று இலாகா உத்தரவு போட்டது. சுகாதாரத்துக்காக என்றார்கள். அவரும் எருமைகளோடு ராகி வயல்களுக்கு அப்பால் போய்விட்டார். எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரிந்தவர் யாருமில்லை.

குழந்தைக்கு இப்போது மூன்று வயது. குளிப்பாட்டும்போது அந்தக் கையில் வட்டமாக இரண்டு வடு. அங்கே வரும்போது மட்டும் என் விரல்கள் மெதுவாகிவிடுகின்றன, அந்த வடுவுக்குள்ளே டிகிரியம்மா அயர்ந்து தூங்குகிறார், எழுப்பிவிடக் கூடாது என்பது போல.